முழங்காலை மாற்ற முதல்: வன்னி வயலில் நிற்கும் கால்களுக்கு என்ன வழி இருக்கிறது?

எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்து "எலும்பும் எலும்பும் முட்டுது, மாற்றத்தான் வேணும்" என்று வைத்தியர் சொன்னதும் ஆட்கள் இரண்டாகப் பிரிந்து போகிறார்கள். சிலர் அன்றைக்கே செயற்கை மூட்டு வைக்கும் சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் பயந்துபோய், நோவெண்ணெயும் பாமசியில் வாங்கும் குளிசையுமாகப் பத்து வருடம் இழுக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் செய்யக்கூடியது நிறைய உண்டு. அதில் சில நன்றாகவே பலன் தரும். சில காசை மட்டும் தின்னும். ஒன்றிரண்டு சிறுநீரகத்தையும் சேர்த்துத் தின்னும்.

முதலில் நோவு எதனால் என்று தெளிய வேண்டும். வயது 45க்கு மேல், நடந்தால் வேலை செய்தால் நோவு, இருந்தால் ஆறுதல், காலையில் எழும்பியதும் இருக்கும் விறைப்பு அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிடும் என்றால் அது பெரும்பாலும் தேய்மான மூட்டுவாதம்தான். விறைப்பு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டுகிறது, கைவிரல் மூட்டுகளும் வீங்குகின்றன என்றால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம். அதற்கான மருந்தும் வேறு. சிக்குன்குனியா வந்து போனபின் மாதக்கணக்கில் நிற்கும் மூட்டு நோவும் வேறு. மூட்டு திடீரென்று சுட்டு வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது கிருமித் தொற்றாக இருக்கலாம். இடுப்பு மூட்டுத் தேய்ந்தவருக்கும் சிலவேளை முழங்காலில் நோகும். மல்லாந்து படுத்துத் தொடையை உள்ளே வெளியே உருட்டும்போது கவட்டில் நோகிறதா என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

எக்ஸ்றே எடுப்பதானால் நின்றபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். படுத்திருக்கையில் மூட்டில் பாரம் விழாது. இல்லாத இடைவெளியும் இருப்பதுபோலத் தெரியும். நின்று எடுத்த படத்தில் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, மூட்டு முழுவதுமா, கால் வில்போல வளைந்திருக்கிறதா என்று தெரியும். பின்னால் வரும் தெரிவுகள் எல்லாம் இந்த மூன்றையும் பிடித்துத்தான் நிற்கின்றன. ஆனால் படத்தில் தெரியும் தேய்மானமும் ஆள் படும் நோவும் ஒரே அளவில் இருப்பதில்லை. மோசமான படத்தோடு வயல் வரம்பில் நடந்து திரிபவர்களும் உண்டு. படத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பிழையாகிப்போகும்.

இந்த மண்ணுக்கே உரிய ஒரு விடயம்: உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர் எம்.ஆர்.ஐ. எடுக்க முதல் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காயப்பட்ட முழங்கால் 40 வயதிலேயே தேய்ந்துபோகலாம். ஒரு கால் செயற்கைக்கால் என்றால் மற்ற முழங்கால் கூடுதல் சுமை சுமக்கும். அவருக்கு முதல் வைத்தியம் செயற்கைக்காலின் உயரத்தையும் மிச்சக் கால் நுழையும் கிண்ணத்தின் பொருத்தத்தையும் சரிபார்ப்பதுதான்.

பயிற்சியா, சத்திரசிகிச்சையா

இந்தக் கேள்விக்கு நேரே பதில் தேடிய ஆய்வு டென்மார்க்கில் நடந்து 2015இல் வெளியானது. முழங்காலை மாற்றலாம் என்று தீர்மானிக்கப்பட்ட 100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சத்திரசிகிச்சையும் அதன்பின் பயிற்சியும். மறு பாதிக்கு 12 கிழமைப் பயிற்சி, எடை குறைப்பு, காலணித் திருத்தம், மருந்து மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது சத்திரசிகிச்சை செய்தவர்களின் முன்னேற்றம் மற்றவர்களுடையதைப்போல் இரண்டு மடங்கு. இதை மறைக்கக்கூடாது. ஆனால் சத்திரசிகிச்சை இல்லாத பாதியிலும் நோவு தெளிவாகக் குறைந்தது, பாரதூரமான பக்கவிளைவுகள் மிகக் குறைவு, அந்த ஒரு வருடத்துக்குள் முழங்காலை மாற்றிக்கொண்டவர்கள் நாலில் ஒருவர் மட்டுமே. அதாவது மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு வருடத்துக்காவது அது தேவைப்படாமல் சமாளித்திருக்கிறார்கள்.

இங்கே "பயிற்சி செய்தேன், சரிவரேல்லை" என்பவர்களில் பெரும்பாலானோர் செய்தது போதாது. ஒரு கடதாசியில் நாலு படம் கிடைத்திருக்கும், ஒரு கிழமை காலை ஆட்டியிருப்பார்கள், நொந்ததும் விட்டிருப்பார்கள். தசை பலப்பட எட்டுத் தொடக்கம் 12 கிழமை வேண்டும்; பாரமும் படிப்படியாகக் கூட வேண்டும்.

தொடங்கும் நாளில் ஓர் அளவு எடுங்கள். கையில்லாத கதிரையைச் சுவரோடு அணைத்து வைத்து, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, 30 செக்கனில் எத்தனை தரம் முழுதாக எழும்பி இருக்க முடிகிறது என்று எண்ணிக் கலண்டரில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு மாதமும் அதே கதிரையில் அதே அளவு. பயிற்சி பலன் தருகிறதா என்று ஊகிக்கத் தேவையில்லை, அந்த எண்ணே சொல்லும்.

பயிற்சிகளில் முதலாவது, துவாயைச் சுருட்டி முழங்காலின் கீழ் வைத்து, அதை நசிப்பதுபோலத் தொடையை இறுக்கி ஐந்து செக்கன் பிடிப்பது. பத்துத் தரம், நாளுக்கு மூன்று வேளை. இரண்டாவது, மல்லாந்து படுத்து மற்றக் காலை மடக்கிக்கொண்டு, நோகும் காலை நீட்டியபடி ஓர் அடி உயரம் தூக்கி, ஐந்து செக்கன் நிறுத்தி, மெதுவாக இறக்குவது. 15 தரம் மூன்று சுற்று இலகுவாக வந்ததும் அரைக் கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டிக் கணுக்காலில் போட்டுக்கொள்ளுங்கள். கிழமைகள் போக இரண்டு கிலோ வரை கூட்டலாம். பாரம் கூட்டாதவர்களுக்குத்தான் முன்னேற்றம் நடுவில் நின்றுவிடுகிறது.

மூன்றாவதும் முக்கியமானதும் கதிரையிலிருந்து எழும்பி இருப்பது. எட்டுத் தொடக்கம் 12 தரம், மூன்று சுற்று, கிழமைக்கு மூன்று நாள். ஒரேயடியாகத் தொப்பென்று விழாமல் மூன்று செக்கன் எடுத்து இருக்க வேண்டும். நொந்தால் கதிரையில் ஒரு தலையணை போட்டு உயர்த்துங்கள், பழகப் பழக அதை எடுத்துவிடலாம். இதில் நடக்கும் பிழைகள் இரண்டு. முழங்கால் உள்ளே சாய்வது ஒன்று. அது இரண்டாவது கால்விரலுக்கு நேரே நிற்க வேண்டும். தெரியாமலே பாரத்தை நல்ல காலில் போட்டு எழும்புவது மற்றது. எதிரே ஒருவர் நின்று பார்த்தால் இரண்டும் உடனே தெரியும். இது பழகியபின் விறாந்தைப் படியில் ஏறி இறங்குவது, பக்கவாட்டில் காலைத் தூக்கி இடுப்புத் தசையைப் பலப்படுத்துவது என்று போகலாம்.

செய்யும்போது நோகும். பத்தில் ஐந்து வரையான நோவு பரவாயில்லை, அடுத்த நாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அடுத்த முறை பாரத்தைக் குறையுங்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள். மூட்டில் எலும்பு முனையை மூடியிருக்கும் கசியிழையத்துக்கு (குருத்தெலும்புக்கு) இரத்தக் குழாய் கிடையாது. நசிந்து விரியும்போது மூட்டுத் திரவத்திலிருந்துதான் அது ஊட்டம் எடுக்கிறது. ஆடாமல் வைத்த முழங்கால் ஆறுவதில்லை.

துணுக்காயிலிருந்து மாங்குளம் வந்து ஏ9 பஸ் பிடிக்கிற ஒருவர் கிழமைக்கு மூன்று தரம் பிசியோதெரபிக்குப் போக முடியாது. தேவையும் இல்லை. கிளிநொச்சியோ வவுனியாவோ மாவட்ட வைத்தியசாலையில் முதல் தடவை செய்முறையைச் சரியாகப் பழகிக்கொண்டு, மாதம் ஒருமுறை திருத்திக்கொண்டால் மிச்சத்தை வீட்டில் செய்யலாம்.

பாரத்தைக் குறைப்பது

உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறத்தாழ நாலு கிலோ குறையும். ஐந்து கிலோ குறைத்தவர் ஒவ்வோர் அடிக்கும் 20 கிலோ இறக்கி வைக்கிறார். ஆனால் வயலில் நின்று உழைக்கும் பலர் ஏற்கனவே மெலிந்தவர்கள். அவர்களைப் பார்த்து எடையைக் குறை என்பதில் பொருளில்லை. அவர்களுக்குப் பாரம் வருவது குந்தியிருப்பதிலிருந்து.

கச்சான் பிடுங்குவது, களை எடுப்பது, அடுப்படியில் தேங்காய் துருவுவது, மலசலகூடம் எல்லாமே குந்தித்தான். ஆழமாகக் குந்தும்போது முழங்காலின் முன்னால் இருக்கும் சில்லெலும்பின் கீழ் விழும் அழுத்தம் உடல் எடையின் பல மடங்கு. ஒரு சாண் உயரப் பலகைக்கட்டை தோட்டத்தில் பெரிய வித்தியாசம் செய்யும். இருந்தபடி வரிசையில் நகரலாம், 20 நிமிடத்துக்கு ஒருக்கால் எழும்பி நாலு அடி நடக்கலாம். மலசலகூடத்தில் நடுவில் துளையுள்ள கதிரையை (கொமட் கதிரை) குழிக்கு மேல் வைத்தால் போதும், கட்டடத்தை உடைக்கத் தேவையில்லை. கதிரைக் கால்கள் ஈரச் சீமெந்தில் வழுக்காமல் றப்பர் பூண் போடுங்கள், எழும்பப் பிடிக்கச் சுவரில் ஒரு குழாய் பொருத்துங்கள்.

பொல்லு பிடிப்பதில் பலர் பிழை விடுகிறார்கள். நோகும் முழங்காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் என்றால் இடக்கையில். வலது காலும் பொல்லும் ஒன்றாக முன்னே போகும். உயரம், செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அவ்வளவு. அடி றப்பர் தேய்ந்தால் மாரியில் களிமண்ணில் வழுக்கும், மாற்றிவிடுங்கள்.

சைக்கிள் நல்லது, சீற் சரியாக இருந்தால். மிதி கீழே போன நிலையில் குதிக்காலை அதன்மேல் வைக்கும்போது கால் நேராக நீள வேண்டும். சீற்றைத் தாழ்த்தி வைத்து ஓடுவது சில்லெலும்பை அரைக்கும்.

இறப்பர் முழங்கால் உறை சூடும் தெம்பும் தரும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பக்கக் கம்பி வைத்த பட்டி வில்வளைவுக் காலுக்கு ஓரளவு உதவும். சித்திரை வெயிலில் அதைப் போட்டுத் திரிபவர் குறைவு.

குளிசையும் பூச்சும்

வன்னிக்கு இதுதான் மிகவும் கவனிக்க வேண்டிய இடம். வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. அங்கேதான் டைக்ளோபெனாக், ஐபுபுறூபன் குளிசைகளும் நோவுக்கென்று சீட்டில்லாமல் வாங்கி விழுங்கப்படுகின்றன. இந்த வகைக் குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாயைச் சுருக்கும். லோசாட்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் குளிசை சிறுநீரக வடிகட்டியின் அழுத்தத்தைக் குறைக்கும். நீர் போகக் கொடுக்கும் குளிசை உடம்பின் நீரை இறக்கும். மூன்றையும் எடுத்துக்கொண்டு பகல் முழுக்க வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்றால் சிறுநீரகம் சில நாளிலேயே அடிபடலாம். நோவுக் குளிசை தொடங்க முதல் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனையும் பிரஷரும் பாருங்கள். வயிற்றுப்புண், இருதய வருத்தம் உள்ளவர்களுக்கும் இவை ஆபத்து.

அதே மருந்தைப் பூச்சாகப் போடுவது வேறு கதை. 1 வீத டைக்ளோபெனாக் ஜெல்லை முழங்காலில் பூசினால் இரத்தத்தில் சேர்வது குளிசையோடு ஒப்பிட ஏறத்தாழ 6 வீதம். முழங்கால் தோலுக்கு அருகில் இருக்கும் மூட்டு என்பதால் பலனும் உண்டு. ஆனால் அளவு ஒரு தடவைக்கு 4 கிராம், நாளுக்கு நாலு தடவை. 20 கிராம் டியூப் ஐந்து தடவைக்குத்தான் காணும். பயறளவு தொட்டுப் பூசிவிட்டுப் பலனில்லை என்பவர்கள் மருந்தைச் சரியாகப் பாவிக்கவில்லை. சிறுநீரகம் ஏற்கனவே பழுதானவர் இதையும் வைத்தியரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

பரசிற்றமோல் இந்த நோவுக்குச் சிறிதளவே உதவும். குளுக்கோசமைன் பற்றி அமெரிக்காவில் 1,583 பேரில் செய்து 2006இல் வெளியான பெரிய ஆய்வில், அது மொத்தத்தில் மருந்தில்லாத வெறும் குளிசையைவிட மேலாகவில்லை. நோவெண்ணெய் தடவுவதும் ஒத்தடமும் இதம் தரும், தடையில்லை. சீனி வருத்தத்தால் காலில் உணர்வு குறைந்தவர் ஒத்தடச் சூட்டை மற்றவரின் கையால் பார்க்கச் சொல்ல வேண்டும். பெயர்ச்சீட்டில்லாத தூள், உருண்டை எதையும் தொடாதீர்கள். இரண்டு நாளில் நோவு மாயமாய்ப் பறந்தால் உள்ளே ஸ்டீரொயிட் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

ஊசிகள்

ஸ்டீரொயிட் ஊசி சில கிழமைகளுக்கு நோவைத் தணிக்கும். வீக்கத்தோடு ஒரு மோசமான கட்டம் வரும்போது, பயிற்சியைத் தொடங்க வழிவிடும் என்ற அளவில் அதற்கு இடமுண்டு. அதையே வைத்தியமாக்குவதுதான் பிழை. 12 கிழமைக்கு ஒருக்கால் இரண்டு வருடம் போட்டுப் பார்த்த ஆய்வில் (2017) உப்புநீர் ஊசி போட்டவர்களோடு ஒப்பிட நோவில் வித்தியாசமில்லை, கசியிழையம் மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. பிசியோதெரபியோடு நேரே ஒப்பிட்ட 2020 ஆய்விலும் ஒரு வருட முடிவில் பிசியோதெரபி பெற்றவர்களே நன்றாக இருந்தார்கள். சீனி வருத்தக்காரருக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சீனி ஏறும். முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மூட்டுக்குள் பசைபோல ஏற்றும் ஹயலுரோனிக் அமிலம், சொந்த இரத்தத்தைச் சுழற்றி எடுத்துப் போடும் பி.ஆர்.பி. இரண்டும் தனியார் இடங்களில் காசுக்குத்தான். பி.ஆர்.பி.யை உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டு 288 பேரில் அவுஸ்திரேலியாவில் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில் 12 மாதத்தில் நோவில் வித்தியாசம் காணவில்லை. ஹயலுரோனிக் அமில ஊசியைக் கொடுக்க வேண்டாம் என்று பிரித்தானியாவில் வைத்திய வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2022இல் சொன்னது. மாடு விற்று, நகை அடகு வைத்து இந்த ஊசிகளுக்குப் போகாதீர்கள். அதே காசில் கொமட் கதிரை, நல்ல செருப்பு, பொல்லு, பஸ் செலவு எல்லாம் அடங்கும்.

முழங்கால் நரம்பைச் சுட்டு நோவை அடக்கும் முறை ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் வரை ஆறுதல் தரும். சத்திரசிகிச்சைக்கு உடம்பு தாங்காதவருக்கு அது ஒரு வழி. மூட்டு திருந்தாது.

துளைவழியாகக் கமெரா விட்டு மூட்டைக் "கழுவித் துப்புரவாக்கும்" சத்திரசிகிச்சை தேய்மானத்துக்கு வேண்டாம். 2002இல் 180 பேரில் செய்த ஆய்வில், தோல் மட்டும் கீறித் தைக்கப்பட்டவர்களும் உண்மையாகச் செய்துகொண்டவர்களும் ஒரே அளவில்தான் இருந்தார்கள்.

எலும்பைத் திருத்துவதா, பாதி மாற்றுவதா, முழுதும் மாற்றுவதா

இந்த இடத்தில் வயதும் தொழிலும் தீர்மானிக்கின்றன. 48 வயது, கால் வில்போல வளைந்தவர், உள்பக்கம் மட்டும் தேய்ந்தது, இன்னும் பத்துப் பதினைந்து வருடம் மண்வெட்டி பிடிக்க வேண்டியவர் என்று வையுங்கள். அவருக்கு முழங்கால் மாற்று நல்ல தெரிவல்ல. பிரித்தானியக் கணக்கில் 50களின் தொடக்கத்தில் முழங்காலை மாற்றிய ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் மறுசத்திரசிகிச்சை வேண்டியிருக்கும். 70க்கு மேல் மாற்றியவர்களில் அது 20இல் ஒருவருக்கு. அவர் கேட்க வேண்டியது காலெலும்பை நிமிர்த்தும் சத்திரசிகிச்சை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பை ஆப்பு வடிவில் திறந்து, தகடும் ஆணியும் போட்டு, பாரம் விழும் கோட்டை நல்ல வெளிப்பக்கத்துக்கு மாற்றுவார்கள். சொந்த மூட்டு அப்படியே இருப்பதால் பின்னர் பாரம் தூக்கவும், முன்னர் குந்த முடிந்தவர் குந்தவும் வாய்ப்புண்டு. ஆனால் ஏறத்தாழ ஆறு கிழமை கக்கக் கட்டையோடு, எலும்பு பொருந்த மூன்று மாதம் அல்லது மேலும், பாரமான வயல் வேலைக்கு ஆறு மாதம் வரை. போகத்தைப் பார்த்துத் திகதி எடுக்க வேண்டும். புகைப்பவருக்கு எலும்பு பொருந்தச் சுணங்கும். நிறுத்தாவிட்டால் செய்யாமல் விடுவதே மேல்.

60ஐத் தாண்டியவர், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது, மூட்டுக்குள் இருக்கும் குறுக்கு நாண் நன்றாக இருக்கிறது என்றால் பாதி மாற்று பற்றிக் கேட்கலாம். பிரித்தானியாவில் 528 பேரை ஐந்து வருடம் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில் பாதி மாற்றும் முழு மாற்றும் சமமான பலன் தந்தன; பாதி மாற்றுக்குச் செலவு குறைவு. அதிலிருந்து எழும்புவது விரைவு. ஆனால் நாளடைவில் மறுபடி கைவைக்க வேண்டிவரும் வாய்ப்பு முழு மாற்றைவிடக் கூட.

மூட்டு முழுவதும் தேய்ந்து, இரவில் நித்திரை இல்லாமல், படலை வரை போய்வரவே முடியாமல், 12 கிழமைப் பயிற்சியும் செய்து பார்த்தவருக்கு முழு மாற்றுத்தான் சரியான வைத்தியம். அவரை "சமாளியுங்கோ" என்று வைத்திருப்பது கொடுமை. பத்தில் எட்டு மூட்டுகள் 25 வருடம் நிற்கும். ஐந்தில் ஒருவர் வரை எதிர்பார்த்த திருப்தி இல்லை என்கிறார்கள், நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குக் கிருமி தொற்றும். மடிப்பு 110 தொடக்கம் 120 பாகை வரைதான் பெரும்பாலும் வரும், ஆகவே குந்த முடியாது. மடுமாதா முன்னால் முழந்தாளிடுவதும் பலருக்குச் சங்கடம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் சரியாக நடந்த சத்திரசிகிச்சையும் பிழையாகத் தோன்றும்.

தள்ளிப்போடவும் ஓர் எல்லை உண்டு. முழங்கால் முழுதாக நீளாமல் மடங்கியபடி இறுகத் தொடங்கினால் காத்திருக்காதீர்கள். இறுகியபின் மாற்றினால் நேராக்குவது கடினம், மெலிந்த தொடைத் தசையும் லேசில் திரும்பாது.

திகதி கிடைத்தபின் செய்ய வேண்டியவை: சீனியைக் கட்டுக்குள் கொண்டுவருவது, சொத்தைப் பல்லையும் காலில் உள்ள புண், சேற்றுப்புண்ணையும் ஆற்றுவது, புகையிலையை விடுவது, கொமட் கதிரையை ஆஸ்பத்திரிக்குப் போக முதலே வீட்டில் வைப்பது. செயற்கை மூட்டுக்கு நீங்கள் காசு கட்ட வேண்டுமா என்று முதல் கிளினிக்கிலேயே கேளுங்கள். போகும்போது பழைய எக்ஸ்றேக்களையும், எடுக்கும் குளிசைகளின் மட்டைகளையும், தனியார் இடத்தில் ஊசி போட்டிருந்தால் அதன் திகதியையும் கொண்டு போங்கள். ஸ்டீரொயிட் ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் மூட்டை மாற்றினால் கிருமி தொற்றும் ஆபத்துக் கூட. அந்தத் திகதியைச் சொன்னால் சத்திரசிகிச்சை நாளை அதற்கேற்றபடி தள்ளி வைப்பார்கள்.